கடைசிப் பாலத்தில் சிக்னல்

சமையலறையில் அம்மா இஞ்சி நசுக்கிக்கொண்டிருந்தபோது, கூடத்தில் உட்கார்ந்திருந்த பெய்லிங்கின் போன் திரையில் 'இளவரசன்' என்ற பெயர் வந்து, ஒரு மூச்சு விடும் நேரம் நின்று, மறைந்தது.

அவள் பார்த்துக்கொண்டிருந்தது வீட்டு ரவுட்டரின் செயலி. எந்தெந்தக் கருவி வைஃபையில் சேர்ந்திருக்கிறது என்று காட்டும் பக்கம். 'மகாராணி' என்றால் அம்மாவின் போன். 'காவல்காரி' அவளுடையது. டிவிக்குப் பெயர் 'பெரிய மாமா'. எல்லாம் தம்பி போஹான் வைத்த பெயர்கள். வீட்டுக்குள் எது புதிதாக வந்தாலும் அதற்குப் பெயர் சூட்டாமல் அவனுக்குச் சோறு இறங்காது. தன்னுடைய போனுக்கு 'இளவரசன்' என்று வைத்துக்கொண்டான். கேட்பார் யார்?

அந்தப் போன் அவனோடு கடலுக்குள் போய்விட்டது. மீன்பிடிப் பாறையில் தூண்டிலோடு நின்றவனை அலை வந்து வாரிக்கொண்டு போனது. கூடப் போன நண்பர்கள் திரும்பி வந்தார்கள், தூண்டில் கூடத் திரும்பி வந்தது. கடலோரக் காவல்படை படகில் தேடி, முக்குளிப்பவர்களும் தேடி, கடைசியில் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அம்மாவின் முன்னால் வந்து நின்றார்கள். போன் அவன் மார்புப் பையில் இருந்தது.

கண் ஏமாற்றுகிறது என்று பெய்லிங் நினைத்துக்கொண்டாள். தூங்கிப் பல நாளாகிவிட்ட கண் எதைத்தான் காட்டாது?

தைவானின் துறைமுக ஊரான கீலுங்கில் குளிர்காலம் என்பது மழைக்கு இன்னொரு பெயர். பிற்பகலிலேயே விளக்கைப் போட்டுவிட வேண்டும். ஈரம் உறிஞ்சும் இயந்திரம் மூலையில் முனகிக்கொண்டே இருக்கும், அதன் தொட்டியில் நிரம்பும் தண்ணீரை எத்தனை முறை கொட்டினாலும் சுவரில் பூஞ்சை தன் பாட்டுக்கு ஏறும், துணி காயாது, உப்பு உருகும், துறைமுகத்துக் கப்பல்களின் டீசல் வாடையும் கீழே வாய்க்காலின் சேற்று வாடையும் தம்பியின் படத்துக்கு முன்னால் புகையும் ஊதுபத்தியின் வாடையும் ஒன்றோடொன்று கலந்து, அந்தச் சின்ன நாலாம் மாடி வீட்டில் எதைத் தொட்டாலும் கையில் ஒட்டிக்கொண்டு வரும். அந்த வாடையில்தான் அவள் பிறந்து வளர்ந்தாள்.

'இளவரசன்' மறுபடி வந்தான். நின்றான். மறைந்தான்.

இந்த முறை அவள் எழுந்து நின்றுவிட்டாள்.

தைப்பேயில் ரவுட்டர் தயாரிக்கும் ஒரு கம்பெனியில் பெய்லிங்குக்குச் சோதனைப் பிரிவில் வேலை. நாலைந்து வருடமாக அவள் சோதித்துக்கொண்டிருப்பது ஒரே ஒரு விஷயத்தை. வைஃபைக்கு இரண்டு அலைவரிசைகள் உண்டு. 2.4 என்பது மெதுவானது, நெரிசலானது, ஆனால் சுவரைத் துளைத்துத் தெருக்கோடி வரை எட்டும். 5 என்பது வேகமானது, ஒரு கான்கிரீட் சுவர் குறுக்கே வந்தாலே சோர்ந்துவிடும். போன்களுக்கு இது புரியாது, கிடைத்ததைப் பிடித்துக்கொண்டு தொங்கும். அதனால் ரவுட்டர்தான் ஒரு தந்திரம் செய்ய வேண்டும். 2.4 பக்கம் வந்து கதவைத் தட்டும் போனுக்குப் பதில் சொல்லாமல் இருந்துவிடும். தட்டித் தட்டி அலுத்த போன் 5 பக்கம் போகும், அங்கே உடனே கதவு திறக்கும். பேண்ட் ஸ்டீரிங் என்று இதற்குப் பெயர். பிடிவாதமாக 2.4-இலேயே நிற்கும் போனைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளும் வசதியும் உண்டு. வீட்டுக்குள் இருப்பவர்களுக்கு அது நல்ல ஏற்பாடுதான். தூரத்தில் இருப்பவர்களுக்கு?

தூரத்தில் இருக்கும் போனுக்கு 5 எட்டாது. 2.4 எட்டும், ஆனால் உள்ளே விடமாட்டார்கள். அது தட்டும், தள்ளப்படும், திரும்பத் தட்டும். சோதனைக்கூடத்தில் அந்தக் காட்சியை அவள் ஆயிரம் முறை பார்த்திருக்கிறாள். இப்போது திரையில் தெரிவதும் அதே காட்சி.

'இளவரசன்'. 2.4. சிக்னல் ஒரே ஒரு கோடு.

இல்லை.

'இளவரசன்'. ஒரு கோடு.

வீட்டில் அந்த ஏற்பாட்டைப் போட்டவளே அவள்தான். தம்பி போன பிறகு அம்மா தூக்கம் வராமல் அவனுடைய பழைய வீடியோக்களைப் போட்டுப் போட்டுப் பார்த்தாள். படம் நின்று நின்று வந்தது. தம்பி சிரிக்க வாயைத் திறந்தபடியே உறைந்து நிற்பான், அம்மா திரையைத் தடவிக்கொண்டிருப்பாள். அதைப் பார்க்கச் சகிக்காமல் ரவுட்டரில் ஸ்டீரிங்கை அதிகபட்சக் கண்டிப்பில் வைத்தாள் பெய்லிங். அதற்குப் பிறகு அவன் தடையில்லாமல் சிரித்தான்.

அதற்கு முன்னால் அப்படி இல்லை. போஹான் வேலை முடிந்து வரும்போது, கீழே வாய்க்கால் பாலத்தில் கால் வைத்ததும் அவன் போன் வீட்டு வைஃபையைப் பிடித்துவிடும். அம்மாவின் போன் 'டிங்' என்று மணியடித்து 'இளவரசன் வந்துவிட்டான்' என்று காட்டும். அந்த ஏற்பாடும் அவன் செய்ததுதான். அம்மா எழுந்து போய் சூப்பைச் சூடுபண்ணுவாள். அவன் நாலு மாடி ஏறி வருவதற்கும் கிண்ணத்தில் ஆவி எழுவதற்கும் சரியாக இருக்கும்.

பாலத்தில் சிக்னல் எப்போதும் ஒரு கோடுதான்.

ஜன்னலுக்குப் போக அவளுக்குத் துணிவு வரவில்லை. போகாமலும் இருக்க முடியவில்லை. கண்ணாடியில் மழை வழிந்தது. கீழே, துறைமுகத்துக் கடல் ஊருக்குள் நீட்டிய விரலாக வாய்க்கால் கிடந்தது, அதன் மேல் பாலம், பாலத்தின் இரண்டு பக்கமும் மஞ்சள் விளக்குகள். ஒரு ஸ்கூட்டர் போனது. நெகிழி மழைக்கோட்டோடு ஒரு கிழவர் போனார். பிறகு யாரும் இல்லை.

யாரும் இல்லை என்றுதான் அவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள். ஆனால் நடுப்பாலத்தில் ஓர் இடத்தில் மட்டும் மழைத்துளி தரையில் தெறிக்கவில்லை. அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு மழை பெய்தது.

அவள் ஜன்னலின் திரைச்சீலையை இழுத்து மூடினாள்.

"யாரு வந்துருக்கா?" என்று சமையலறையிலிருந்து அம்மா கேட்டாள்.

"யாரும் இல்லம்மா. ஏன்?"

"நீ எந்திரிச்சு ஓடுன மாதிரி இருந்துச்சு."

அழைப்பு மணி அடித்தது. பெய்லிங்குக்கு உயிர் போய் வந்தது. வந்தது கீழ் வீட்டு வூ அத்தை, கையில் முள்ளங்கிப் பணியாரத் தட்டோடு. அத்தைக்கு வாய் கொஞ்சம் நீளம், மனசு தங்கம். துக்க வீட்டுக்கு வந்தால் சும்மா இருக்கத் தெரியாமல் எதையாவது பேசிவிட்டுத்தான் போவாள்.

"என்னடி பெய்லிங், மூஞ்சி மாவு பூசுன மாதிரி இருக்கு? சாப்டியா?"

"சாப்ட்டேன் அத்தை."

"பொய். உங்கம்மா மட்டும் என்ன வாழுது? செத்தவங்களுக்கு எரிச்சு அனுப்புற காகிதச் சாமான் கடையில போயி காகிதப் போனு வாங்கி, அதுக்குப் பின்னாடி வைஃபை பாஸ்வேர்டை எழுதி எரிச்சாளே, ஊரே சிரிச்சுது."

"பாஸ்வேர்டு இல்லாம எப்படி வருவான்?" என்று அம்மா சமையலறை வாசலில் நின்றபடி கேட்டாள். அம்மா சிரிக்கவில்லை. "புதுப் போனாச்சே."

வூ அத்தையின் சிரிப்பு பாதியில் நின்றது. குரலை இறக்கிக்கொண்டாள். "வரட்டும்னு நெனைக்காதக்கா. தண்ணியில போனவங்க விஷயம் வேற. அவங்களால அந்த எடத்த விட்டு நகர முடியாது. இன்னொருத்தர் வந்து அந்த எடத்துல நின்னாத்தான் விடுதலை. எங்க மாமனார் ஊர்ல, ஒரே குளத்துல வருஷா வருஷம்..."

"அதுக்குத்தான் பூசாரியக் கூட்டிட்டுப் போயி கடலோரத்துல கூப்பிட்டு, கையோட வீட்டுக்குக் கொண்டாந்துட்டோமே," என்றாள் அம்மா.

"அது சரிதான். முறையாக் கூப்பிட்டு வந்துட்டா பயமில்ல." அத்தை தட்டை வைத்துவிட்டு, படத்தைக் கும்பிட்டுவிட்டு இறங்கிப் போனாள்.



கடலோரத்தில் அன்று எல்லாம் முறையாகத்தான் நடந்தது. பூசாரி மணியடித்து அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அவன் வர ஒப்புக்கொண்டதாக, சம்மதம் கேட்டுத் தரையில் வீசும் பிறைக்கட்டைகள் விழுந்து சொல்லின. இலைகளோடு இருந்த மூங்கிலில் அவன் பெயர் எழுதிய துணியைக் கட்டிப் பெய்லிங்கின் கையில் கொடுத்தார்கள். வழியில் பாலம் வந்தாலும் சுரங்கம் வந்தாலும் கொடி பிடித்திருப்பவர் குரல் கொடுக்க வேண்டும். செத்தவர்களுக்கு வழி தெரியாது. பாலத்தைக் கண்டால் திகைத்து நின்றுவிடுவார்கள். அவள் குரல் கொடுத்துக்கொண்டேதான் வந்தாள். "போஹான், சுரங்கம் வருது, அக்கா பின்னாலயே வா. போஹான், பாலம் வருது, தாண்டி வா." வண்டி ஓட்டியவர் கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கடைசிப் பாலத்துக்கு, வீட்டெதிரே இருக்கும் இந்த வாய்க்கால் பாலத்துக்கு, சற்று முன்னால் மேலாளர் போன் செய்தார். ஸ்டீரிங் சோதனையில் சிக்கல், வெளியே தள்ளப்பட்ட போன்கள் திரும்பச் சேரமாட்டேன் என்கின்றன, எந்த அமைப்பில் வைத்தாய் என்று கேட்டார். துக்கத்தில் இருப்பவளிடம் கேட்கிறோமே என்று மன்னிப்பும் கேட்டார். அவள் பதில் சொன்னாள். நன்றாகவே சொன்னாள். போனை வைத்தபோது வண்டி வீட்டு வாசலில் நின்றிருந்தது. அம்மா முன் இருக்கையில் களைப்பில் கண்ணயர்ந்திருந்தாள். அந்தப் பாலத்தில் அவள் குரல் கொடுக்கவில்லை என்பது யாருக்கும் தெரியாது.

அன்றிலிருந்து அவன் அங்கே நிற்கிறான். வீடு கண்ணுக்குத் தெரிகிற இடத்தில். நாலாம் மாடி விளக்கைப் பார்த்துக்கொண்டு. அக்கா கூப்பிடுவாள் என்று. தட்டுகிறான், அவள் வைத்த பூட்டு அவனைத் தள்ளுகிறது, திரும்பத் தட்டுகிறான்.

அழுகை அவளுக்கு அடிவயிற்றிலிருந்து வந்தது. பயம் ஒரு பக்கம் இருந்தாலும் அதைவிடப் பெரிதாக இருந்தது இது. மழையில் நனைந்துகொண்டு நிற்கிறானே என்பதுதான்.

"அம்மா," என்றாள். "அம்மா, நான் ஒண்ணு சொல்லணும்."

சொன்னாள். பாலத்தையும் மேலாளரின் அழைப்பையும் சொன்னாள், திரையைக் காட்டினாள். திரையில் 'இளவரசன்' வந்து, நின்று, போனான். அம்மா கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு பார்த்தாள். அறைவாள், அல்லது மார்பில் அடித்துக்கொண்டு அழுவாள் என்று பெய்லிங் காத்திருந்தாள். அம்மா அவள் தலையில் கையை வைத்தாள். இஞ்சி மணத்தது.

"வேல பாக்குற புள்ள. போன் வந்தா எடுக்கத்தானே செய்வ," என்றாள். "அழாத."

"என்ன பண்றதும்மா? பூசாரியக் கூப்புடுவமா?"

"நாளைக்குப் பாத்துக்கலாம். இப்ப சூப் ஆறுது." அம்மா இரண்டு கிண்ணங்களில் சோறு போட்டாள், ஒன்றை மகளுக்கு, ஒன்றைத் தம்பி வழக்கமாக உட்காரும் இடத்தில் வைத்தாள். மேலே இஞ்சிச் சூப்பை ஊற்றினாள். சாப்பிடும் குச்சிகளைக் கிண்ணத்தின் மேல் படுக்க வைத்தாள். பிறகு வூ அத்தையின் தட்டைக் கழுவித் துடைத்தாள், தன் போனைப் பையில் போட்டுக்கொண்டாள், குடையை எடுத்தாள்.

"கீழ்வீட்டுக்குப் போக எதுக்கும்மா குடை?"

"படிக்கட்டு ஜன்னல்ல சாரல் அடிக்குதுடி. தட்டக் குடுத்துட்டு வரேன். நீ சாப்புடு." வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். "சூடா சாப்புடு," என்றாள்.

கதவைத் திறந்தே வைத்துவிட்டுப் போனாள்.

பெய்லிங் நம்பினாள். நம்பத்தான் ஆசைப்பட்டாள். ஒரு வாய் வைத்தாள், ருசி தெரியவில்லை. படிக்கட்டில் அம்மாவின் செருப்புச் சத்தம் இறங்கியது, மூன்றாம் மாடியைத் தாண்டி, வூ அத்தையின் இரண்டாம் மாடியையும் நிற்காமல் தாண்டி, தேய்ந்து, மழைச் சத்தத்துக்குள் போனது. அப்போதும் அவளுக்கு உறைக்கவில்லை. திரையில்தான் பார்த்தாள். 'மகாராணி' 5-லிருந்து விழுந்து 2.4-க்குப் போயிருந்தாள். மூன்று கோடு. இரண்டு.

ஒன்று.

'மகாராணி'யை ரவுட்டர் வெளியே தள்ளியது.

நாற்காலி கவிழ அவள் ஜன்னலுக்கு ஓடித் திரைச்சீலையை விலக்கினாள். பாலத்தின் நடுவில் அம்மாவின் குடை. பச்சைக் குடை. அதன் கீழே அம்மா, சின்ன உருவமாக, வாய்க்கால் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கையை வாயருகே குவித்து நின்றிருந்தாள். பெய்லிங் ஜன்னலைத் தள்ளித் திறந்தாள். மழையோடு அம்மாவின் குரலும் உள்ளே வந்தது.

"போஹான்! பாலம் வருது! தாண்டி வாடா கண்ணு!"

"அம்மா! மேல வா! அம்மா!"

அம்மா அண்ணாந்து பார்க்கவில்லை. மறுபடி கூப்பிட்டாள். மறுபடி. ஒவ்வொரு முறையும் குரல் இன்னும் கெஞ்சலாக, காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைக்கு மருந்து கொடுக்கும்போது கெஞ்சுகிற குரலாக இருந்தது. பிறகு அம்மா ஓரடி பின்னால் நகர்ந்து, தன் பக்கத்தில் யாருக்கோ வழி விட்டாள். தன் குடையை அந்தப் பக்கம் சாய்த்துப் பிடித்தாள்.

பெய்லிங் வாசலுக்கு ஓடத் திரும்பினாள். கையில் போன் அதிர்ந்தது.

'இளவரசன்'.

5.

கோடுகள் முழுசாக.

அவள் நின்றுவிட்டாள். பாலத்தில் 5 எட்டாது. தெருவில் எட்டாது. படிக்கட்டில்கூட எட்டாது, நடுவில் இரண்டு சுவர். ரவுட்டர் இருக்கும் இதே கூடத்தில் நின்றால்தான் கோடுகள் முழுசாகக் காட்டும். இது அவளுக்குத் தெரிந்த அளவுக்கு உலகத்தில் அதிகம் பேருக்குத் தெரியாது.

ஈரம் உறிஞ்சும் இயந்திரம் முனகலை நிறுத்தியது. தொட்டி நிரம்பி வழிந்து தரையில் ஓடியது. உப்பு வாடை. பாசி வாடை. அதற்குள் எங்கோ மெலிதாக, தம்பி தலைக்குப் போடும் எண்ணெயின் வாடை.

பின்னால் குச்சிகள் கிண்ணத்தில் மோதும் சத்தம்.

திரும்பாதே.

ஜன்னல் வழியாகப் பார்த்தாள். பாலத்தில் பச்சைக் குடை தலைகீழாகக் கிடந்தது. காற்றில் மெல்லச் சுற்றியது. அதில் மழை நிரம்பிக்கொண்டிருந்தது. பக்கத்தில் யாரும் இல்லை. கீழே வாய்க்காலில் தண்ணீர் வட்டம் வட்டமாக விரிந்தது.

"அம்மா," என்றாள்.

திரையில் 'மகாராணி' வந்தாள். 2.4. ஒரு கோடு. ரவுட்டர் தள்ளியது.

வந்தாள். தள்ளியது.

வந்தாள்.

அமைப்புப் பக்கத்துக்குப் போனாள். பொத்தான் அங்கே இருந்தது. ஆயிரம் முறை தொட்ட பொத்தான். ஸ்டீரிங்கை அணைத்தாள். இனி யாரையும் தள்ளாதே. யார் எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் இருக்கட்டும். அம்மா.

'மகாராணி' நின்றாள். மறையவில்லை.

போன் அடித்தது. எடுத்தாள். முதலில் தண்ணீர்ச் சத்தம், நிறையத் தண்ணீர், அதற்குள்ளிருந்து அம்மாவின் குரல். சாதாரணக் குரல். சந்தைக்குப் போன இடத்திலிருந்து கூப்பிட்டுக் கேட்பாளே, அந்தக் குரல்.

"பெய்லிங். வந்துட்டானா?"

அப்போதுதான் அவள் திரும்பினாள்.

தம்பி அவனுடைய இடத்தில், அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். மீன்பிடிச் சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. முடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. சோற்றை அள்ளி வாயில் வைத்தான். மென்றான். விழுங்க முடியாமல் அது கழுத்தோரம் எங்கிருந்தோ தண்ணீரோடு வெளியே வந்து மடியில் விழுந்தது. மறுபடி அள்ளினான். பசி. அவ்வளவு பசி. தோள்கள் குலுங்கின. அழுகிறான்.

"வந்துட்டாம்மா," என்றாள் பெய்லிங்.

"சாப்புடுறானா?"

"சாப்புடுறாம்மா."

அந்தப் பக்கம் நிம்மதியான ஒரு மூச்சு. அது தண்ணீரில் குமிழியாக உடைந்தது. வூ அத்தை சொன்னதை அம்மா காதில் போட்டுக்கொள்ளவில்லை என்று அவள் நினைத்திருந்தாள். அம்மா ஒவ்வொரு சொல்லையும் கேட்டிருக்கிறாள். கேட்டுவிட்டுத்தான் தட்டைக் கழுவியிருக்கிறாள்.

"சரி. அப்பக் கதவச் சாத்திடு."

"ஏம்மா? நீ வா. நான் வரேன், நான் கீழ வரேன், நீ அங்கயே..."

"வராத. கதவச் சாத்துடி." குரல் இப்போது அவசரப்பட்டது. "இங்க ரொம்பக் குளிருது. நிக்கத்தான் பாக்குறேன், முடியல. இப்ப எதுவும் தள்ளல, கால் தானா வருது. நான் வந்துருவேன் பெய்லிங். வந்தா சும்மா போக மாட்டேன். சாத்து."

திரையில் இரண்டு கோடு.

வாசலுக்குப் போனாள். கதவுப் பிடியைப் பற்றினாள். ஒரு தள்ளு போதும். பழைய இரும்புக் கதவு, தானாகவே பூட்டிக்கொள்ளும்.

மூன்று கோடு.

படிக்கட்டு விளக்கு ஆள் நடமாட்டம் தெரிந்தால்தான் எரியும். முதல் மாடியில் எரிந்தது. இரண்டாம் மாடியில் எரிந்தது. மூன்றாம் மாடியில்.

"சாத்திட்டியா?" என்று காதருகே அம்மா கேட்டாள். அழுதுகொண்டே கேட்டாள். "கண்ணு, சாத்திட்டியா?"

பெய்லிங்கின் கை பிடியிலேயே இருந்தது. தள்ளு. அம்மாவை வெளியே நிறுத்தித் தள்ளு. மழையில். குளிரில். தள்ளு.

தலைக்கு மேல் நாலாம் மாடி விளக்கு எரிந்தது. படிக்கட்டில் யாரும் இல்லை. நிலைப்படிக்கு அந்தப் பக்கம், வறண்ட சிமெண்டுத் தரையில், சின்னச் சின்ன இரண்டு பாதங்களின் ஈரம், விரல்கள் வீட்டைப் பார்த்தபடி பதிந்திருந்தது. அங்கே நின்று அவை நடுங்கின. தண்ணீர் ஓரங்களில் பரவிக்கொண்டே இருந்தது.

பின்னால் குச்சிகளின் சத்தம் நின்றது.

அவளால் தள்ள முடியவில்லை. நிலைப்படிக்கு இந்தப் பக்கம், அவள் காலுக்கு முன்னால், மெதுவாக, முதலில் குதிகால், பிறகு விரல்கள், ஈரமாக ஒரு பாதம் பதிந்தது.